இருபத்து நான்காவது கோடு

“எண்ணிப் பாரு பாப்பா. இருபத்து மூணு. இந்த ஒரு மாசத்துல மட்டும்!”

வெங்கடேசன் சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினார். தேதிகளுக்கு அடியில் நீலப் பேனாவால் சின்னச் சின்னக் கோடுகள். ஒரு கோடு என்றால், ‘செக்-இன்’ செய்துவிட்டு வந்த ஒரு வாடிக்கையாளர்.

சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி அவருடைய சிறிய பட்டுப் புடவைக் கடை. கோயிலுக்கு வருகிறவர்களைக் கோபுர வாசலிலேயே புரோக்கர்கள் மடக்கி, கமிஷன் தரும் பெரிய கடைகளுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். வெங்கடேசன் கமிஷன் தருவதில்லை. அதனால் அவர் கடைக்கு ஆள் வருவதில்லை.

“இன்னும் ஒரு மாசம் பாக்கறேன். ஆள் வரலைன்னா கட்டட ஓனர்கிட்ட சாவியைக் குடுத்துட்டு, எதனா பெரிய கடையில புடவை மடிக்கப் போயிடறேன்” என்று போன மாதம் அவர் சொன்னபோதுதான், பி.எஸ்சி. கடைசி வருடம் படிக்கும் மகள் தீபிகா ஒரு போன் ஆப்பைப் பற்றிச் சொன்னாள். அக்கம்பக்கத்தில் வருகிறவர்களின் போனில் கடையின் பெயர் தெரியும். கடைக்கு வந்து ஒரு பொத்தானை அழுத்தினால் செக்-இன். அவர்களுக்கு ஐந்து சதவீதம் தள்ளுபடி. வெங்கடேசனே அதை அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டார்.

இன்றோடு மாதம் முடிகிறது.

“வர்றவங்க போனைக் காட்டுவாங்களாப்பா?”

“அதெல்லாம் எனக்கு எங்க பாக்கத் தெரியுது? உள்ள வந்ததும் அவங்களே சொல்றாங்க, செக்-இன் பண்ணிட்டு வந்தோம்னு. பெருமாளைப் பாத்துட்டு நேரா வர்றவங்க, பொய்யா சொல்லப் போறாங்க?”

தீபிகா சிரித்தாள்.

“இனிமே எந்த புரோக்கர் தயவும் வேணாம்மா. உங்க மாமன் கோபுர வாசல்லயே நின்னுக்கினு இருக்கட்டும், வர்ற பஸ்ஸையெல்லாம் எண்ணிக்கினு.”

அவள் சிரிப்பு நின்றது. மாணிக்கவேல் மாமா அவளுடைய அம்மாவின் தம்பி. புரோக்கர். அம்மாவின் காரியம் முடிந்த அன்று, “நான் கடைக்குப் பார்ட்டி அனுப்பட்டுமா மாமா?” என்று அவர் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். “அக்கா காரியத்தன்னிக்கே கமிஷன் பேச வந்துட்டியா? இனிமே என் வாசப்படி ஏறாத” என்று அப்பா கத்தினார். இரண்டு வருடம் ஆகிவிட்டது. தெருவில் எதிரே பார்த்தால், மாமா தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்.

“ஓனர் சாயங்காலம் வருவாரு” என்றார் வெங்கடேசன். “அந்த ஆப்ல மொத்தம் எவ்ளோ காட்டுதுன்னு பாத்துச் சொல்லு. என் கோடும் அதுவும் ஒத்துப்போச்சுன்னா, சாவி குடுக்கலைன்னு சொல்லிடறேன். ஒத்து வரலைன்னா, இது ஏதோ திருவிழாக் கூட்டம்னு உட்டுட வேண்டியதுதான். அடுத்த மாசத்தை நம்பி வாடகைக்கு நிக்க முடியாது.”

தேர்வு மும்முரத்தில் ஒரு மாதமாக அவள் அந்த ஆப்பைத் திறக்கவே இல்லை. இப்போது திறந்தாள்.

மொத்த செக்-இன்: 0.

மூடிவிட்டு மறுபடி திறந்தாள். பூஜ்யம்தான்.

வரைபடத்தைத் தொட்டாள். கடையைக் காட்டும் சிவப்புப் புள்ளி சின்ன காஞ்சிபுரத்திலேயே இல்லை. ஏனாத்தூரில், அவளுடைய கல்லூரி கேன்டீன் மேல் இருந்தது. அங்கே உட்கார்ந்துதான் அவள் கடையைப் பதிவு செய்தாள். அப்போது போன் இருந்த இடத்தையே ஆப் கடையின் இடமாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் கடையில் நின்றுகொண்டு யாரும் செக்-இன் செய்திருக்கவே முடியாது.

தீபிகா காலண்டரைப் பார்த்தாள். இருபத்து மூன்று கோடுகள்.

“என்னம்மா, எவ்ளோ காட்டுது?”

அவள் வாய் திறப்பதற்குள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. வயதான ஒரு கணவனும் மனைவியும். அந்த அம்மாளின் நெற்றியில் குங்குமம், கையில் துளசி.

“பேத்திக்குக் கல்யாணம்பா. முகூர்த்தப் புடவை வேணும். செக்… செக்-இன் பண்ணிட்டுத்தான் வந்தோம்.”

வெங்கடேசனின் முகம் மலர்ந்தது. “உக்காருங்கம்மா. மேல நல்ல அரக்குக் கலர் ஒண்ணு வெச்சிருக்கேன், எடுத்தாறேன்” என்று ஏணியில் ஏறினார்.

தீபிகா தணிந்த குரலில் கேட்டாள். “அம்மா, உங்க போனைக் கொஞ்சம் காட்டறீங்களா?”

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார். சுருக்குப்பையைத் திறந்து அவள் போனை எடுத்து நீட்டினாள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பழைய பட்டன் போன்.

தீபிகா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கோச்சிக்காத கண்ணு” என்று அந்த அம்மாள் அவள் காதருகே குனிந்தாள். “கோபுர வாசல்ல ஒரு தம்பி, தெரு முனை வரைக்கும் கூட்டிக்கினு வந்து உட்டுட்டுப் போச்சு. உனக்கு எவ்ளோப்பா கமிஷன்னு கேட்டேன். ‘இந்தக் கடையில மட்டும் வாங்கறதில்லம்மா, எங்க அக்கா உக்காந்திருந்த கடை’ன்னுச்சு. ‘உள்ள போனதும் செக்-இன்னு மட்டும் சொல்லுங்க. என் பேரைச் சொன்னா, எங்க மாமா உங்களுக்குப் புடவையே குடுக்க மாட்டாரு’ன்னுச்சு.”

ஏணியின் மேலிருந்து வெங்கடேசன் கேட்டார். “மொத்தம் எவ்ளோன்னு சொல்லவே இல்லையே பாப்பா?”

தீபிகா நீலப் பேனாவை எடுத்து, இன்றைய தேதிக்கு அடியில் நேராக ஒரு கோடு போட்டாள்.

“இருபத்து நாலுப்பா.”