ஆளுக்கொரு குளிசை

அப்பாவுக்கு மறதி நோய் என்று அம்மா போனில் சொன்ன மறுநாளே, கொழும்பு கார்மென்ட் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ருவான்வெல்லைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஓடி வந்தாள் புவனா.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. “என்னாங்க, டாக்டர் என்னா சொன்னாரு?”

அப்பா பொறுமையாகச் சொன்னார். “மூளையில ஏதோ ஒரு புரதம் கெட்டுப்போயி, செல்லுங்களுக்கு நடுவுல கட்டிகட்டியா உறையுதாம். நாம வெட்டுற ரப்பர் பால் செரட்டையிலயே ஒட்டுப்பாலா உறைஞ்சிருமே, அந்த மாதிரி. செல்லுக்கு உள்ளயும் நூல் நூலா சிக்கிக்கிட்டு, தீனி போற வழிய அடைச்சிருதாம். அப்புறம் அந்த செல்லு செத்துருமாம்.”

“நான் இருக்கேன்ல? உங்கள விட்ருவேனா? இந்தாங்க, குளிசையப் போடுங்க.”

“நீயும் ஒன்னு போட்டாத்தான் நான் போடுவேன்.”

“சின்னப்புள்ளையாட்டம் அடம் புடிக்கிறத பாரு!” அம்மா சிரித்துக்கொண்டே தானும் ஒன்றை விழுங்கினாள். அப்பாவும் வாயில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

புவனா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “எப்பயிருந்துப்பா உங்களுக்கு இப்படி?”

அவர் வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“என்னாங்க, டாக்டர் என்னா சொன்னாரு?”

புவனா திகைத்துப்போனாள். அப்பா வாயில் ஒதுக்கியிருந்த குளிசையை உள்ளங்கையில் துப்பினார்.

“நோய் ஒனக்குத்தான்னு அவகிட்ட சொன்ன அன்னைக்கு, பயந்துபோயி மருந்தையே தொடலம்மா. எனக்குன்னு சொன்னா, எனக்காக முழுங்கிடுறா.”