மோப்ப நாய்க்குக் காது மந்தம்

"ஆரம்பிச்சாச்சு," என்று அவள் ஜன்னலை அறைந்து சாத்தினாள்.

ஒட்டுச்சுவருக்கு அந்தப்பக்கம் அண்ணன் வீடு. இரண்டு மாதமாகச் சாயங்காலமானால் அங்கே பேனாப் பொத்தானை அமுக்கும் சத்தம். டக், டக். போலீஸ் மோப்ப நாயைப் பிடித்துக்கொண்டு போகிறவன் யாரைப் பற்றி எழுதித் தள்ளுவான் என்பது தெருவுக்கே தெரியும்.

நாட்டுக்கு ஆபத்து, எங்கே பார்த்தாலும் குண்டு என்று சொல்லியே நாலு வருஷமாகத் தேர்தலைத் தள்ளிப்போட்டு வந்தது அரசு. தேர்தல் எப்போது என்று கேட்ட அவள் கணவன் எட்டு மாதமாக உள்ளே. எந்தச் சிறை என்றுகூடச் சொல்லவில்லை. அதைக் கேட்கத்தான் அவளைப் போன்ற பெண்கள் மூன்று முறை கூட்டம் போட்டார்கள்.

மூன்று முறையும் அண்ணனின் நாய் மேடையோரம் போய் உட்கார்ந்தது. நாய் உட்கார்ந்தால் குண்டு. குண்டென்றால் கூட்டம் ரத்து. தோண்டிப் பார்த்தால் ஓர் ஆணிகூட இருந்ததில்லை. அவள் வயிறெரிந்து அண்ணனோடு பேச்சையே விட்டுவிட்டாள்.

நாலாவது கூட்டத்துக்கும் அண்ணன் நாயோடு வந்தான். பொறுக்கமாட்டாமல் அவளே போய்க் கேட்டாள்.

"இன்னைக்கும் உக்காருமாண்ணே?"

"அதை நாய்கிட்டதான் கேக்கணும்," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

நாய் மேடையைச் சுற்றியது. பின்னாலேயே வந்த அதிகாரி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அமுக்கினார். டக்.

நாய் உட்காரவில்லை. மறுபடி அமுக்கினார். அது அவர் கையைப் பார்த்து வாலாட்டியது.

"என்னய்யா ஆச்சு இதுக்கு?" என்று பல்லைக் கடித்தார் அதிகாரி.

அண்ணன் விறைப்பாக நின்றான், மேடை மைக்குக்குப் பக்கத்திலேயே. "காது மந்தமாயிடுச்சு சார்."

அது மைதானம் முழுக்கக் கேட்டது. அவளுக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. பிறகு உரக்கக் கேட்டாள்.

"குண்டை மோந்துதானே கண்டுபிடிக்கும்? காது எதுக்கு?"

முன்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் மைதானமே சிரித்தது. குண்டு என்ற சொல்லைக் கேட்டாலே ஓடிப் பழகிய ஜனம், ஒருவர்கூட நகரவில்லை. அதிகாரிதான் போனார். கூட்டம் நடந்தது.

ஒரே வாரத்தில் அவளுக்குத் தபால் வந்தது. கணவன் இருக்கும் சிறை, பார்க்கப் போகவேண்டிய நாள் எல்லாம் அதில் இருந்தன. அதே நாள் தபாலில் அண்ணனுக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. அவனுக்கும் நாய்க்கும் இனி வேலை இல்லையாம்.

பல மாதத்துக்குப் பிறகு அவள் அண்ணன் வீட்டுப் படி ஏறினாள். காது போனாலும் நல்ல நேரம் பார்த்துத்தான் போயிருக்கிறது என்று சொன்னாள். அண்ணன் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனான்.

மேசைமேல் ஒரு பேனாவும் பிஸ்கட் டப்பாவும் இருந்தன. எழுதுவதற்கு ஒரு தாள்கூட இல்லை. சும்மா இருக்கமாட்டாமல் பேனாவை எடுத்து அமுக்கினாள். டக்.

மூலையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்த நாய் துள்ளி எழுந்து, நாலு காலிலும் விறைப்பாக நின்று, பிஸ்கட்டுக்கு வாலாட்டியது.