இன்னும் வராத வானம்

"யாராவது விசில் அடிச்சீங்க, நட்சத்திரத்தை எல்லாம் அணைச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவேன்!"

கோளரங்க ஆபரேட்டர் இருட்டுக்குள்ளிருந்து சொன்னதும் ஒன்பதாம் வகுப்பு கப்சிப் ஆனது. சாய்வு நாற்காலிகளில் எல்லோரும் மல்லாந்து கிடந்தார்கள். வட்டக் கூரை மெல்லக் கறுத்து, பிறகு இல்லாமலே போனது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் முளைத்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அள்ளி இறைத்தது போல வானம் நிறைந்தது. நாற்காலியோடு மிதப்பது போலிருந்தது.

"வளர்பிறை தேய்பிறை எல்லாம் டீச்சர் நடத்தியிருப்பாங்க இல்ல? ஒவ்வொருத்தரா பிறந்த தேதி சொல்லுங்க. அன்னிக்கு ராத்திரி வானம் எப்படி இருந்துச்சோ, அப்படியே காட்டறேன்."

முதலில் சொன்னவனுக்கு முழு நிலா வந்தது. கைதட்டினார்கள். அடுத்தவனுக்கு எவ்வளவு தேடியும் நட்சத்திரங்கள் மட்டும்தான்.

"எனக்கு மட்டும் நிலாவே இல்லையா சார்?"

"இருக்குப்பா. அன்னிக்கு அமாவாசை. சூரியன் கூடவே பகல்ல வந்துட்டுப் போயிடுச்சு."

"நீ பொறந்ததைப் பார்த்து ஓடிப் போயிருக்கும்டா!"

சிரிப்பு அடங்கியபோது அரைத்தூக்கத்தின் முறை வந்தது. வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டே இருப்பதால் அந்தப் பெண்ணுக்கு வந்த பட்டப்பெயர் அது. அவள் ஒரு தேதியைத் தடுமாறாமல் சொன்னாள்.

ஆபரேட்டரின் விரல்கள் நின்றன. "வருஷத்தைத் தப்பா சொல்றியேம்மா. இது இன்னும் வரவே இல்லையே?"

"தெரியும் சார். மூணு வருஷம் கழிச்சுத்தான் வருது. அன்னிக்கு சாயங்காலம் இருட்டினதும் வானம் எப்படி இருக்கும்னு காட்ட முடியுமா?"

"டேய், கல்யாணத்துக்கே தேதி குறிச்சுட்டாடா!" பின்வரிசை கொல்லென்று சிரித்தது.

"வாயை மூடுங்க!" அறிவியல் டீச்சரின் குரல் சட்டென்று வெட்டியது. பிறகு தணிந்தது. "அவ கேட்டதைப் போடுங்க சார்."

"தாராளமா போடலாம் டீச்சர். நாளைக்கு மழை வருமான்னு கேட்டா நான் முழிப்பேன். பத்து வருஷம் கழிச்சு நிலா எங்கே நிக்கும்னு கேட்டா அடிச்சுச் சொல்வேன்."

நட்சத்திரங்கள் வழுக்கிக்கொண்டு ஓடத் தொடங்கின. நிலா பருத்தது, இளைத்தது, காணாமல் போய் மறுபடி வந்தது. இனிமேல்தான் வரவேண்டிய இரவுகள் எல்லாம் தலைக்கு மேல் சத்தமில்லாமல் கடந்து போயின. அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் எல்லாம் நின்றது. மேற்கே, நகம் வெட்டிப் போட்டது போல மெல்லிய பிறை. அதன் பக்கத்தில் வெள்ளி.

"அடேயப்பா, நல்ல நாளாத்தான் பார்த்திருக்கே!" என்றார் ஆபரேட்டர்.

"மேற்குப் பார்த்த வாசல்லேர்ந்து வெளியே வந்தா இது நேரா தெரியுமா சார்?"

"எதிர்ல கட்டடம் ஏதாவது இருக்கா?"

"இல்ல சார். ஒரு பஸ் ஸ்டாப். ஒரு மரம், அதுவும் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கு."

"அப்ப கவலையே இல்ல. கையை நல்லா நீட்டி முஷ்டியை மடக்கு. அடிவானத்துலேர்ந்து ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு முஷ்டி வை. அதுக்கு மேல நிலா உட்கார்ந்திருக்கும். மேகம் வந்து மறைச்சா மட்டும் என்னைத் திட்டாதே."

இருட்டில் அவள் கைகள் உயர்ந்தன. அவளைப் பார்த்து ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள். கொஞ்ச நேரம் வகுப்பு முழுவதும் முஷ்டி மேல் முஷ்டி வைத்து, வராத ஒரு நாளின் நிலாவை அளந்துகொண்டிருந்தது. கேலி செய்த பின்வரிசையும்தான்.

விளக்கு எரிந்ததும் மற்றவர்கள் கண்ணைக் கசக்கியபடி வெளியேறினார்கள். அவள் மட்டும் ஆபரேட்டரின் மேஜைக்கு வந்தாள்.

"தேங்க்ஸ் சார்."

"அது கிடக்கட்டும். அப்படி என்னம்மா அன்னிக்கு விசேஷம்?"

"எங்கம்மாவுக்குக் காட்டணும் சார். அவங்க நட்சத்திரம் பார்த்து ரொம்ப வருஷமாச்சு."

ஆபரேட்டர் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க வீட்லயும் இதே கதைதான். நான் ஊருக்கெல்லாம் வானம் காட்டறேன், என் பொண்டாட்டி அடுப்படியை விட்டுத் தலை நிமிர மாட்டா! இதுக்குப் போய் எதுக்கு மூணு வருஷம்? இன்னிக்கே உங்கம்மா கையைப் பிடிச்சு மொட்டை மாடிக்கு இழுத்துட்டுப் போயேன்."

"இன்னிக்கு முடியாது சார். ஜெயில்ல இருட்டறதுக்கு முன்னாடியே எல்லாரையும் உள்ளே விட்டுப் பூட்டிடுவாங்க," என்றாள் அவள். "அந்தச் சாயங்காலம்தான் அம்மாவை வெளியே விடறாங்க."