பன்னிரண்டாவது தட்டில் ஒரு மூச்சு

எதெல்கா ஏழாவது இசைத்தட்டையும் சுழலவிட்டு, ஊசி இறங்கியதும் ஒலிபெருக்கியோடு காதை ஒட்டவைத்துக்கொண்டாள்.

கொஞ்சம் சரசரப்பு. பிறகு நாலு வாத்தியமும் ஒன்றாக எடுத்தன. அவள் உடனே ஊசியைத் தூக்கிவிட்டாள்.

அவளுக்கு வேண்டியது சங்கீதம் இல்லை. சங்கீதத்துக்கு முன்னால் வருகிற அந்த அரை நொடி.

அவள் கணவர் பார்னபாஷ் போய்ச் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. அவர் குடும்பப் பெயரிலேயே நடந்த ஹார்ஷி நால்வர் குழுவின் முதல் வயலின் அவர். முப்பத்தோரு வருஷமும் எந்த உருப்படியானாலும் மூக்கால் ஒரு மூச்சை இழுத்துத்தான் தொடங்கிவைப்பார். மற்ற மூன்று பேருக்கும் அதுதான் கணக்கு. கச்சேரியில் கடைசி வரிசைவரை கேட்கும்.

இந்தக் குழுவில் நாலு வாத்தியமும் ஒரு மூக்கும் வாசிக்கின்றன என்று புடாபெஸ்ட் பத்திரிகையில் ஒருத்தர் எழுதினார். பார்னபாஷ் அதைக் கத்தரித்து வயலின் பெட்டிக்குள் ஒட்டிக்கொண்டு, போகிற ஊரெல்லாம் காட்டிக் காட்டிச் சிரித்தார்.

வீடு நிறையப் படங்கள் இருக்கின்றன. வாசித்தது பன்னிரண்டு தட்டுகளில் இருக்கிறது. அவர் குரல்தான் எங்கேயும் இல்லை. வானொலிக்காரர்கள் வந்தால், "நீ போய்ப் பேசுப்பா, உனக்குத்தான் பேச வரும்" என்று குழுவிலிருந்த கோர்னேலை முன்னால் தள்ளிவிட்டு நழுவிவிடுவார். ஆக, மனுஷர் உயிரோடு இருந்ததற்குச் சத்தம் என்று ஒன்று உண்டென்றால் அந்த மூச்சுதான். அதையாவது கேட்டுவிட வேண்டும் என்று எதெல்கா கிடந்து தவித்தாள்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோர்னேலை வரச்சொல்லியிருந்தாள். இரண்டாம் வயலின். நல்ல காது.

கோர்னேல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவள் வைத்த கசகசாச் சுருள் ரொட்டி தொடாமலேயே இருந்தது.

எட்டு. ஒன்பது. பத்து.

கீழே முற்றத்தில் யாரோ கம்பளத்தைத் தொங்கவிட்டு அடித்துத் தூசி தட்டினார்கள். அந்தச் சத்தத்தில்தான் கேட்கவில்லையோ என்று எதெல்கா ஜன்னலைச் சாத்தினாள். அப்புறம் பாட்டுப்பெட்டியைக் குறைசொன்னாள். கடைசியில், தன் காதே போய்விட்டது போலிருக்கிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் காதும் நன்றாக இருந்தது. பெட்டியும் நன்றாக இருந்தது.

ஒவ்வொரு பதிவு முடிந்ததும் மற்றவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கோர்னேல் மட்டும் ஒலிப்பதிவுக்காரரோடு இருந்து ஒலிநாடாவைக் கேட்டுச் சரிபார்ப்பார். ஜலதோஷக்காரன் மாதிரி என்ன சத்தம் அது, எடுத்துவிடுங்கள் என்பார். அவரும் பிளேடால் நறுக்கி ஒட்டிவிடுவார். சுத்தமாகக் கேட்க வேண்டும் அல்லவா? யாரும் தப்பு சொல்லவில்லை.

ஆனால் சுத்தத்துக்காக ஒன்றும் கோர்னேல் வெட்டச்சொல்லவில்லை. சுவரொட்டியில் அந்த ஆளின் பெயர், குழுவுக்கும் அந்த ஆளின் பெயர், அந்த மூக்கு உத்தரவு கொடுத்தால்தான் தன் வில் நகர வேண்டும். தட்டிலாவது நாலு பேரும் சமமாகத் தொடங்கட்டுமே என்றுதான் வெட்டச்சொன்னார்.

வெட்டிய துண்டுகள் கைவிரல் நீளம்கூட இருக்காது. குப்பைக்கூடையில் கிடந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் பதினொன்றும் முடிந்துவிட்டது.

எதெல்கா பன்னிரண்டாவதை உறையிலிருந்து உருவினாள். அது கீறல் விழுந்த தட்டு, வேண்டாம், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார் கோர்னேல். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

சரசரப்பு.

பிறகு, மூக்கால் இழுத்த ஒரு மூச்சு. சின்னது, தெளிவானது.

எதெல்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அப்படியே திரும்பி, "அவர்தானே?" என்றாள்.

கோர்னேல் தலையாட்டினார்.

அந்த ஆட்டிய தலையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தட்டின் உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் கடைசிப் பதிவு. அன்றைக்குப் பார்னபாஷுக்குக் கை நடுக்கம். மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் தவறிவிட்டது. எல்லோருக்கும் எதிரில் கோர்னேல் பக்கம் சாய்ந்து, இதை நீயே எடுத்துக்கொடுத்துவிடப்பா என்று கெஞ்சினார்.

கோர்னேல் எடுத்துக்கொடுத்தார். வில்லைத் தூக்கி, மூக்கால் ஒரு மூச்சை இழுத்து.

எல்லோரும் போனபிறகு ஒலிப்பதிவுக்காரர் பழக்கத்தில் பிளேடைக் கையில் எடுத்தார். கோர்னேல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இது மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

எதெல்கா ஊசியை மறுபடி விளிம்பில் வைக்கப்போனவள், நிறுத்தினாள்.

"கோர்னேல், தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் மூச்சைப் பிடிச்சுக்குங்களேன். நீங்க மூச்சு விடுற சத்தத்துல அவரோடது சரியா கேக்க மாட்டேங்குது."

கோர்னேல் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

இந்த முறை அவளுக்கு நன்றாகவே கேட்டது.