பிக்கப் மேல ஒரு வூடு

"சார், நெசமாத்தான் கேக்கறேன். பிக்கப் மேல ரூம் கட்டிக்கிட்டு அதுல குடியிருக்கப் போறீங்களா?"

கிருஷ்ணப்பனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் பழைய வண்டி வாங்கி விற்கிற தொழிலில் அவர் பார்க்காத கிறுக்கு இல்லை. இது புதுக் கிறுக்கு.

"ஆமாங்க," என்றார் வந்தவர். சட்டையை இன் பண்ணிய, முப்பதைத் தாண்டிய ஆள். "கோயமுத்தூர்ல ஒருத்தர் ரூமை மட்டும் செஞ்சு குடுக்கறாருங்க. கட்டில், அடுப்பு, தண்ணி டேங்க், கக்கூஸ் எல்லாம் உள்ளயே வந்துரும். அதைச் சொமக்கற மாதிரி ஒரு வண்டி வேணும்."

"அதுக்கென்ன, இந்தக் குட்டி வண்டியப் பாருங்க. ஓட்டறதுக்குப் பூ மாதிரி இருக்கும்."

வந்தவர் டேப்பை எடுத்து வண்டியின் பின்பக்கத் தொட்டியை அளந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ரூமே முக்கா டன் வருங்க. தண்ணி ரொப்பி, சாமான் ஏத்தி, ஆளும் ஏறுனா இது உக்காந்துரும்."

"அப்ப அந்த வெள்ளை வண்டி. ஒன்றரை டன் அசால்ட்டாத் தாங்கும். தக்காளி ஏத்திக்கிட்டுத் தெனம் பெங்களூர் போய் வந்தது. ஸ்பிரிங் பட்டை கூடுதலாப் போட்டிருக்கு. நீங்க ஊட்டி, கொடைக்கானல்னு சுத்தறப்ப..."

"சுத்தறதுக்கு இல்லீங்க. இந்த ஊருலயேதான் நிக்கும்."

"நிக்கறதுக்கு எதுக்கு சார் நாலு சக்கரம்?"

"சக்கரம் இருந்தா யாரும் காலி பண்ணுன்னு சொல்ல முடியாதில்லீங்களா?"

கிருஷ்ணப்பன் சிரித்து வைத்தார். மனசுக்குள் திட்டித் தீர்த்தார். காசு கொழுத்துப் போச்சு, வேறென்ன! எவனோ வெள்ளைக்காரன் வண்டிக்குள்ள ஆம்லெட் போடறதை யூடியூப்ல பார்த்துட்டு வந்துடறானுங்க. நமக்கென்ன, வண்டி வித்தாச் சரி.

வந்தவர் கேட் பக்கம் திரும்பி, "மலரு, நீயும் வந்து பாரு," என்று கூப்பிட்டார்.

வேப்பமர நிழலில் நின்றிருந்த பெண் இடுப்பில் கை கொடுத்தபடி மெதுவாக நடந்து வந்தாள். ஏழு மாசம் இருக்கும். வண்டியைப் பார்க்காமல் முதலில் கிருஷ்ணப்பன் முகத்தைத்தான் பார்த்தாள். பிறகு தொட்டியின் உயரத்தைப் பார்த்து, "ஏணி வெச்சா நான் ஏறிருவனா?" என்று புருஷனைக் கேட்டாள்.

கிருஷ்ணப்பனுக்குச் சுருக்கென்றது. வியாபாரத்தை மறந்துவிட்டார்.

"சார், உங்களுக்கு ஈவு இரக்கம் இருக்குதா? வாயும் வயிறுமா இருக்கற பொண்ணைத் தகர டப்பாவுல போட்டு வேக வைக்கப் போறீங்களா? உங்க ஷோக்குக்கு அந்தப் புள்ளைதான் கெடச்சுதா? கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு வூடு புடிக்கத் துப்பில்லையா?"

வந்தவர் கோபப்படவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"இவ இங்க ஆஸ்பத்திரியில நர்ஸுங்க. ஊர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்றா. இனிமே பஸ்ல ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. கொழந்தை பொறக்கறதுக்குள்ள இங்க ஒரு கூரை வேணும். நாங்களும் வூடு தேடி அலுத்துப் போயிட்டோம்."

"இந்த ஊர்ல வூட்டுக்கா பஞ்சம்?"

"பஞ்சமே இல்லீங்க. வாடகைக்குனு போர்டு தொங்குது. போனா உக்கார வெச்சுப் பேசறாங்க. பேரு கேக்கறாங்க. ஊரு கேக்கறாங்க. ஊர்ல எந்தத் தெருன்னு கேக்கறாங்க. காலனின்னு சொன்னதும், திடீர்னு அவங்களுக்குச் சொந்தக்காரங்க யாரோ குடிவராங்களாம்."

கிருஷ்ணப்பன் முகம் சிவந்துவிட்டது.

"அடச்சீ! எந்தக் காலத்துல இருக்கானுங்க? ஊசி போட்டுக்க அந்தப் புள்ள கை ஆவும், குடி வைக்க ஆவாதா? எவன் அவன்? சொல்லுங்க சார், நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்!"

"விடுங்க. வண்டி பேப்பரைக் காட்டுங்க."

"சும்மா சொல்லுங்க சார், நான் இருக்கேன்!"

மலர்தான் வாயைத் திறந்தாள்.

"போன வாரங்க. பால் சொசைட்டிக்குப் பக்கத்துல பச்சை பெயிண்ட் அடிச்ச மாடி. சுகுணாக்கான்னு ஒருத்தங்க. என் வயித்தைப் பார்த்துட்டு, மாடி ஏற முடியுமா கண்ணுன்னு கேட்டாங்க. சாவியைக்கூட எடுத்துட்டாங்க. எதுக்கும் வூட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன்னு ஸ்பீக்கர்ல போன் போட்டாங்க."

சுகுணா கிருஷ்ணப்பனின் பெண்டாட்டி. பச்சை மாடி அவருடைய மாடி.

"பேரு சவுரியப்பன், மலர்விழி, காலனியாம்னு அந்தக்கா சொன்னாங்க. 'பூட்டியே கெடந்தாலும் சரி, அதுங்கள உள்ள உடாத'ன்னு அந்தப் பக்கம் ஒரு குரல். அப்ப ஆளு யாருன்னு தெரியாதுங்க. இங்க கேட் பக்கத்துல நின்னு நீங்க பேசறதைக் கேட்டப்பறந்தான் தெரிஞ்சுது."

கிருஷ்ணப்பன் வெள்ளை வண்டியின் கண்ணாடியைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.

"வூடு கேட்டப்ப தெரு வரைக்கும் விசாரிச்சீங்க," என்றாள் மலர்விழி. "வண்டி விக்கறப்ப எங்க பேரைக்கூடக் கேக்கலீங்களே!"

மாடி இன்னும் பூட்டித்தான் கிடந்தது. 'நாளைக்கே வந்துருங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது அவர் வாய் வரைக்கும் வந்தது. பங்காளிகள் என்ன பேசுவார்கள் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், வண்டிக்குப் புது சீட் கவர் மட்டும் நம்ம செலவுல போட்டுக் குடுத்துடறேங்க."