நாற்காலி மேஸ்திரி

“கண்ணைக் கழட்டி வூட்ல வச்சிட்டு வந்தியா? ஒழுங்கா உரி.”

ஏணி உச்சியில் நின்றிருந்த சகாய பிரியா “சரிங்க” என்றபடி அடுத்த கேபிளை எடுத்தாள்.

கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான் அவள் புருஷன் வளன்.

பில் கவுண்டரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கலைமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திண்டிவனத்தில் அந்த ஆஸ்பத்திரிக்கு அப்போதுதான் மாடி கட்டியிருந்தார்கள். கையால் பில் எழுதுகிற காலம் முடிந்து, கவுண்டர், லேப், மருந்துக்கடை எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டர் வந்து இறங்கியிருந்தது. அத்தனையையும் ஒன்றோடொன்று இணைக்கக் கேபிள் போட வந்தவர்கள்தான் இந்த முகையூர்ப் பக்கத்துப் புருஷன் பெண்டாட்டி.

பேருக்குத்தான் இரண்டு பேர். புடவைக்கு மேல் புருஷன் சட்டையை மாட்டிக்கொண்டு ஏணி ஏறுவது, சுவரில் துளை போடுவது, கூரைக்குள் தலையை விட்டுக் கேபிள் இழுப்பது எல்லாம் அவள். ஐயாவுக்கு வாய் மட்டும்தான் வேலை.

ஆயா கெங்கம்மாள் அவனுக்கு ‘நாற்காலி மேஸ்திரி’ என்று பேரே வைத்துவிட்டாள். திருவக்கரைக் காளி சூலத்தில் ஒரு எலுமிச்சம்பழம் குத்தினால் இவன் வாய் கோணிக்கும், பழச் செலவு என்னுது என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். கலைமதியால் முடியவில்லை. புருஷனிடம் திட்டு வாங்கியே பாதி ஆளாகிப்போன அக்கா ஒருத்தி அவளுக்கு உண்டு.

அன்றைக்கு மத்தியானம் அவள் கவுண்டருக்குப் பக்கத்திலேயே வேலை நடந்தது. கேபிளுக்குள் இருந்த எட்டுச் சின்னக் கம்பிகளையும் நிறம் பார்த்து அடுக்கி, முனையில் ஜாக் போட்டு, டெஸ்டரில் செருகினாள் சகாய பிரியா. எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன.

“இதெல்லாம் ஒரு வேலையா?” என்றான் வளன். “எத்தனி தபா சொல்றது உனக்கு? மாட்டை மேய்க்கப் போ, போ.”

எட்டும் எரிந்த பிறகு எதற்கு இந்தப் பேச்சு?

சாப்பாட்டு நேரத்தில் கலைமதி அவளைத் தனியாக மடக்கினாள். ஏன்ம்மா இப்படிப் பொறுத்துக்கினு கிடக்கிற என்று கேட்டாள்.

“அவரு குரலு கேட்டுக்கினு இருந்தாத்தான் எனக்கு வேலை ஓடும்க்கா” என்றாள் அவள், தூக்குவாளியைக் கழுவிக்கொண்டே.

திட்டு வாங்கிப் பழகினவள் பேச்சு இது, இவளாக வாய் திறக்கமாட்டாள் என்று கலைமதி முடிவு கட்டினாள். நேரே மேனேஜர் சீனுவாசனிடம் போனாள். கூலி வாங்குகிறவன் நாற்காலியில் இருக்கிறான், பெண்டாட்டி ஏணியில் தொங்குகிறாள், இதையெல்லாம் கேட்க ஆள் இல்லையா என்று கொட்டித் தீர்த்தாள்.

சீனுவாசன் இறங்கி வந்தார்.

“நீ இறங்கும்மா. ஏம்ப்பா, அடுத்த ஜாக்கை நீ போடு, பார்ப்போம்.”

சகாய பிரியா தடதடவென்று இறங்கினாள். அவருக்குக் கை வலி சார் என்றாள்.

“வாய் வலிக்கலியே” என்றார் அவர்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெங்கம்மாள் துடைப்பத்தோடு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

வளன் கேபிளை வாங்கினான். “ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம்...” வாய் பிசகாமல் சொன்னது. நீலம் என்று சொன்ன நேரத்தில் விரல் பிரவுனைப் பிடித்திருந்தது.

கம்பிகளை மூக்கு நுனிக்குக் கொண்டுபோனான். ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தான்.

சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது.

சீனுவாசன் அவன் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டிப் பார்த்தார்.

“எவ்வளவு நாளாப்பா இது?”

சகாய பிரியாதான் சொன்னாள். சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது, ஆள் நிழலாகத் தெரியும், கம்பி தெரியாது. போட்ட லைன் எல்லாம் நான் போட்டதுதான் சார், ஒண்ணுகூடத் தப்பு இருக்காது, வேணும்னா டெஸ்ட் பண்ணிப் பாருங்க என்று கும்பிட்டாள்.

சீனுவாசன் கெட்டவர் இல்லை. ஆனாலும் பயந்துபோனார். பாண்டிச்சேரியில் இருந்த கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார். வளன் கையை நம்பித்தான் வேலை கொடுத்தேன், பொம்பளை போட்ட லைனுக்கு யார் ஜவாப்தாரி, அனுப்பிடுங்க, நாளைக்கு வேறு ஆள் வரும் என்றார் கான்ட்ராக்டர். இனி எங்கேயும் இவர்களைக் கூப்பிடப்போவதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.



சாயங்காலம் இருவரும் சாமானைக் கட்டினார்கள். கலைமதி ஓடிப்போய் ஏணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். வளன் முன்னால், சுவரைத் தடவியபடி கேட்டைத் தேடிப் போய்க்கொண்டிருந்தான்.

மன்னிப்பு கேட்க நினைத்தாள் கலைமதி. வேறு எதுவோதான் வாயில் வந்தது.

“கண்ணு தெரியாதவரு, உன்ன நம்பித்தான் பொழைக்கிறாரு. அப்புறம் எதுக்கும்மா உன்ன அந்தத் திட்டு திட்டினாரு?”

சகாய பிரியா ஏணியைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

“அவருக்குத் திட்டவே வராதுக்கா. சும்மா உக்காந்துக்கினு இருந்தா ஏன்னு கேப்பாங்க, திட்டிக்கினு இருந்தா மேஸ்திரின்னு வுட்டுடுவாங்கன்னு, பஸ்ஸுல வரும்போதெல்லாம் என்னை என்னான்னு திட்டணும்னு நான்தான் சொல்லிக் குடுத்துக்கினே வருவேன்.”