டெஸ்ட் பண்ணின லைட்டு

"கிளோ ஸ்டிக் எல்லாத்தையும் நேத்து ராத்திரியே ஒடச்சிட்டியாப்பா?" பவ்யா தலையில் கைவைத்தாள். இன்று சாயங்காலம் அண்ணனின் பெண் அழைப்பு ஊர்வலத்துக்காக அவள் பெங்களூரில் வாங்கி வந்த, வளைத்தால் ஒளிரும் பிளாஸ்டிக் குச்சிகள் அவை.

"டெஸ்ட் பண்ணேன்," என்றார் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஏகாம்பரம், நிமிர்ந்தபடியே. "லைட்ட எரியவெச்சுப் பாக்காம நம்ம வூட்டு ஆம்பள எவனும் ஷாஃப்ட்ல எறங்கினதில்ல. ஒண்ணொண்ணா வளைச்சேன், எல்லாம் எரிஞ்சுது. அணைக்கத்தான் சுவிட்ச் இல்ல."

"ஒடச்சா ஒரு ராத்திரிதான்பா எரியும்! பொண்ணு வூட்டுக்கெல்லாம் பெருமையா சொல்லிட்டேனே!"

சம்பந்தி முன்னால் இருட்டில் நிற்கப்போகும் நினைப்பிலேயே ஏகாம்பரத்தின் மீசை தொங்கிப்போனது.

அவர் மனைவி பார்வதம்மா ஃப்ரீசரிலிருந்து ஒரு பையை இழுத்துப் போட்டாள். "இன்னா கத்தல்? ரூமெல்லாம் பச்சையா இருந்தா யாரு தூங்கறது? இவரு கொறட்டை விட்டதும் எல்லாத்தையும் அள்ளி உள்ள போட்டு மூடிட்டேன்."

மங்கிக் கிடந்த குச்சிகள் பவ்யாவின் கைச்சூட்டில் மெல்லப் பிரகாசித்தன. "குளிர்ல இருந்தா சீக்கிரம் தீராதும்மா!" அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

ஏகாம்பரம் மீசையை முறுக்கினார். "பாத்தியா? டெஸ்ட் பண்ணின லைட்டு என்னிக்கும் கைவிடாது."